தேர் நிலைக்கு வந்தால்...

இரண்டு நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தது. கம்மாபுரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய் வரலாமே என்று கிளம்பினேன். கம்மாபுரம் எங்கே இருக்கிறது என்று சிலர் கேட்பீர்கள். விருத்தாசலத்தில் இறங்கி, சேத்தியாத்தோப்புப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் அரை மணியில் கொண்டுபோய் விடுவார்கள். ஒரு பக்கம் பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலம். மறு பக்கம் நெய்வேலிச் சுரங்கம். நடுவே நெல் வயல்கள். அந்த வயல்களுக்கு நடுவே நம் கதாநாயகியின் வீடு.

கதாநாயகி வேறு யாருமில்லை, என் தங்கை மகள்தான். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். வழக்கமாக "மாமா வந்துட்டாரு!" என்று தெருமுனைக்கே ஓடி வருகிற பெண், அன்றைக்கு வாசற்படியைத் தாண்டவில்லை. முகம் தூக்கிக் கிடந்தது.

"என்னம்மா விஷயம்?" என்று தங்கையைக் கேட்டேன்.

"சயின்ஸ்ல மார்க் போயிடுச்சாம். பத்தாவது முடிச்சதும் சயின்ஸ் குரூப்பே எடுக்க மாட்டேன்னு நேத்திலேருந்து ஒரே பிடிவாதம். நீயாச்சும் சொல்லுண்ணா" என்றாள்.

பரீட்சைத் தாளை வாங்கிப் பார்த்தேன். கேள்வி இதுதான்: ஒரு பஸ் 15 கி.மீ. தூரத்திலுள்ள ஊருக்கு மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகிறது, உடனே திரும்பி மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் புறப்பட்ட இடத்துக்கே வருகிறது. கடந்த தொலைவு என்ன, இடப்பெயர்ச்சி என்ன, சராசரி வேகம் என்ன, சராசரித் திசைவேகம் என்ன?

பெண் வரிசையாக 30, 30, 25, 25 என்று எழுதியிருந்தாள். முதல் விடை சரி. பாக்கி மூன்றுக்கும் சிவப்புக் கோடு. சரியான விடைகள் பக்கத்தில் இருந்தன: 30, பூஜ்யம், 24, மறுபடியும் பூஜ்யம்.

"இருபத்துநாலு எப்படி வந்துச்சுன்னே தெரியல, மாமா. அது போகட்டும். எங்கப்பா பஸ் ஓட்டறாரு. விடிகாலை அஞ்சு மணிக்கு வண்டிய எடுத்தா, ஆறு நடை போய் வந்து, ராத்திரி பத்து மணிக்குத்தான் வீட்டுக்கு வராரு. கேட்டா இடப்பெயர்ச்சி பூஜ்யமாம்! அப்ப அப்பா நாள் முழுக்க ஒண்ணுமே பண்ணலியா?"

மார்க் போனதைவிட இந்தப் பூஜ்யம்தான் குழந்தையைச் சுட்டிருக்கிறது. அப்பா ஓட்டுவது கம்மாபுரத்தில் நைட் ஹால்ட் போடுகிற பஸ். அதிகாலையில் இங்கிருந்து கிளம்பும். ராத்திரி இங்கேயே வந்து நிற்கும். ஒரு நடைக்குப் போக வர 30 கி.மீ. என்றால் ஆறு நடைக்கு 180 கி.மீ. அவ்வளவையும் ஓட்டிவிட்டு வந்தவருக்கு விஞ்ஞானம் ஒரு முட்டையைப் போட்டு அனுப்பினால் எந்த மகளுக்குத்தான் கோபம் வராது?

நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இருக்கலாம். அவனோ அவளோ இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தால் விழிக்காமல் இருப்பதற்காக, அன்று திண்ணையில் நடந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கைகொடுத்தது விருத்தாசலத்துத் தேர். மாசி மகத்துக்குப் பழமலைநாதர் கோவிலில் தேர் ஓடுவதை அந்தப் பக்கத்துக் குழந்தைகள் எல்லோருமே பார்த்திருப்பார்கள். எல்லாம் ஐந்து ஐந்தாக இருக்கிற கோவில் என்று சொல்வார்களே, அதில் தேரும் ஐந்து.

"தேர் எங்கே புறப்படும்?"

"நிலையிலேருந்து."

"எங்கே போய்ச் சேரும்?"

"நிலைக்குத்தான், மாமா."

"அப்படியானால் தேர் எவ்வளவு தூரம் ஓடிற்று என்று கேட்டால் நாலு வீதியின் நீளத்தையும் கூட்டிச் சொல்ல வேண்டும். அதுதான் தொலைவு. ஆனால் 'இப்போது தேர், புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி, எந்தப் பக்கம் நிற்கிறது?' என்று கேட்டால்?"

பெண் யோசித்தாள். "தள்ளியே இல்லியே, நிலையிலதானே நிக்குது?"

"அந்தக் கேள்விக்குத்தான் இடப்பெயர்ச்சி என்று பெயர். பூஜ்யம் என்பது அதன் விடை. தேர் ஓடவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. தேர் நிலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்."

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கையும் போட்டுவிடுவோம். கிழக்கு வீதி 300 மீட்டர், தெற்கு வீதி 400 மீட்டர் என்று ஒரு கற்பனைக் கோவில். எதிர்வீதிகளும் அதே அளவு. கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று நிலையை வடகிழக்கு முனையில் வைத்துக்கொள்வோம். காலை 7 மணிக்கு வடம் பிடிக்கிறார்கள். கிழக்கு வீதியில் தெற்கே 300 மீட்டர் இழுத்து, திரும்பி, தெற்கு வீதியில் மேற்கே 400 மீட்டர் இழுத்துத் தென்மேற்கு முனைக்கு வரும்போது மணி 12. தேர் ஓடின தொலைவு 700 மீட்டர். ஆனால் நிலையிலிருந்து தேர் வரைக்கும் கோவிலுக்குக் குறுக்கே ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினால் அதன் நீளம் 500 மீட்டர்தான். பிதாகரஸ் கணக்குத் தெரிந்தவர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம். அந்தக் கயிறுதான் இடப்பெயர்ச்சி. வெறும் 500 மீட்டர் என்று சொன்னால் போதாது, தென்மேற்குப் பக்கமாக 500 மீட்டர் என்று திசையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திசையை விட்டுவிட்டால், தேரைத் தேடுகிறவன் வயல்காட்டில் போய் நிற்பான்!

இனி வேகம். ஓடின தொலைவை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம்: 700 மீட்டர், 5 மணி நேரம், ஆக மணிக்கு 140 மீட்டர். இடப்பெயர்ச்சியை நேரத்தால் வகுத்தால் சராசரித் திசைவேகம்: 500 மீட்டர், அதே 5 மணி நேரம், ஆக மணிக்கு 100 மீட்டர், தென்மேற்காக. சாயங்காலம் 5 மணிக்குத் தேர் நிலைக்கு வந்துவிட்டால் ஓடினது 1,400 மீட்டர்; சராசரி வேகம் அதே 140. கயிறோ சுருங்கிச் சுருங்கி ஒன்றுமில்லாமல் போய்விட்டது. சராசரித் திசைவேகம் பூஜ்யம்.

வேகம், திசைவேகம் என்கிற இரண்டு வார்த்தைகளும் அண்ணன் தம்பி மாதிரி இருப்பதால் பிள்ளைகள் குழம்புகிறார்கள். போதாக்குறைக்கு, நம் ஊர்ப் புத்தகத்தில் 'வேகம்' என்பதை இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களில் 'கதி' என்பார்கள். நாம் 'திசைவேகம்' என்பதை அவர்கள் 'வேகம்' என்பார்கள்! ஆகையால் வார்த்தையை மனப்பாடம் செய்வதைவிட, எதை நேரத்தால் வகுக்கிறோம் என்று பார்ப்பது உத்தமம். நடந்த வழியையா, கயிற்றையா? அவ்வளவுதான் கேள்வி.

"சரி, மாமா. இருபத்துநாலு எங்கேருந்து வந்துச்சு?" என்றாள் பெண். முகத்தில் முன்பிருந்த தூக்கம் இல்லை.

இது பெரியவர்களையும் ஏமாற்றுகிற இடம். முப்பதும் இருபதும் ஐம்பது, அதில் பாதி இருபத்தைந்து என்று வாய் தானாகவே சொல்லிவிடும். ஆனால் பஸ்ஸைக் கேட்டுப் பாருங்கள். போகும்போது 15 கி.மீ., மணிக்கு 30 வீதம். அரை மணி ஆகிறது. வரும்போது அதே 15 கி.மீ., மணிக்கு 20 வீதம். முக்கால் மணி ஆகிறது. மெதுவாகப் போன நேரம் அதிகம், விரைவாகப் போன நேரம் குறைவு. இரண்டுக்கும் சம மரியாதை கொடுத்துப் பாதி பண்ணினால் நியாயமாகுமா? மொத்தம் 30 கி.மீ., மொத்தம் 75 நிமிஷம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 24 கி.மீ. கூட்டிப் பாதி பண்ணுகிற வழி எப்போது செல்லும் என்றால், இரண்டு வேகத்திலும் சம நேரம் ஓடியிருக்க வேண்டும். அல்லது நின்ற வண்டி சீராக, ஒரே அளவாக வேகம் கூடிக்கொண்டே போக வேண்டும். நிலையிலிருந்து கிளம்பி அப்படிச் சீராக 60-ஐ எட்டுகிற ரயிலுக்கு, அந்த நேரத்துக்குள் சராசரி 30 என்று தைரியமாகச் சொல்லலாம். இந்தச் சூத்திரத்தை 14-ஆம் நூற்றாண்டிலேயே ஆக்ஸ்போர்டில் மெர்ட்டன் கல்லூரியில் இருந்த பண்டிதர்கள் கண்டு சொல்லிவிட்டார்கள். ஸ்டாப்பிங்குக்கு ஸ்டாப்பிங் நின்று போகிற நம் பஸ்ஸுக்கு அது பொருந்தாது.

திசைவேகமும் இந்தக் கணக்கில் தப்பாமல் பூஜ்யம் காட்டும். விருத்தாசலம் போகிற பக்கத்தைக் கூட்டல் என்றும், திரும்பி வருகிற பக்கத்தைக் கழித்தல் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு 30 வீதம் கூட்டல் 15. முக்கால் மணிக்கு 20 வீதம் கழித்தல் 15. வரவும் செலவும் சரி!

இதற்குள் தங்கை காப்பி கொண்டுவந்தாள். "ஆத்துல போட்டுக் குளத்துல தேடற கதையா இருக்குண்ணா. ரோட்ல போற பஸ்ஸுக்குக் கோவில்ல கயிறு கட்டறே" என்றாள் சிரித்துக்கொண்டே.

தங்கைக்குத் தெரியாமலே ஒரு நல்ல உதாரணத்தைக் கொடுத்துவிட்டாள்! அந்தப் பழமொழிக்கு ஒரு கதை சொல்வார்கள்; அந்தக் கதை நடந்ததே விருத்தாசலத்தில்தான். முதுகுன்றம் என்பது அதன் பழைய பெயர். சுந்தரமூர்த்தி நாயனார் அங்கே பாடிப் பன்னீராயிரம் பொன் பெற்றார். அவ்வளவு பொன்னையும் சுமந்துகொண்டு காட்டு வழியில் திருவாரூருக்குப் போவது எப்படி? சுவாமி சொன்னபடி மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூரில் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது புராணம். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில் இது இருக்கிறது. மாற்றுக் குறையாமல் வந்ததா என்று பார்ப்பதற்காக முன்கூட்டியே ஒரு துண்டை வெட்டி மச்சம் வைத்துக்கொண்டாராம். எவ்வளவு ஜாக்கிரதை பாருங்கள்!

பொன் எந்த வழியாகப் போயிற்று? மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு சேர்ந்து, பரங்கிப்பேட்டைப் பக்கம் கடலில் விழுகிறது. திருவாரூருக்கு அது போவதே இல்லை. ஆகவே பொன் போன வழி பொன்னுக்குத்தான் வெளிச்சம். சுந்தரரோ சிதம்பரம் முதலான தலங்களை எல்லாம் தரிசித்துக்கொண்டு நிலத்தில் போனார். ஆனால் போட்ட இடம் தெரியும், எடுத்த இடம் தெரியும். விருத்தாசலத்துக்கும் திருவாரூருக்கும் நேர்கோட்டில் சுமார் 90 கி.மீ.; தெற்கே, சற்றுக் கிழக்கு சாய்ந்து. பொன்னின் இடப்பெயர்ச்சி அதுதான். நடந்து போன சுந்தரருடைய இடப்பெயர்ச்சியும் அதுவேதான். வழி தெரியாவிட்டாலும் போடலாம் என்பதுதான் இந்தக் கணக்கின் விசேஷம்.

வழி இரண்டாக இருந்து, இரண்டும் நன்றாகத் தெரிந்திருக்கிற உதாரணம் வேண்டுமா? அதுவும் விருத்தாசலத்திலேயே தண்டவாளமாகக் கிடக்கிறது. விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குப் போக இரண்டு ரயில் பாதைகள். பழையது மெயின் லைன்: கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று கோவில் கோவிலாகச் சுற்றிக்கொண்டு போகும், சுமார் 240 கி.மீ. 1920-களின் கடைசியில் விருத்தாசலம், அரியலூர் வழியாகக் குறுக்கே இன்னொரு பாதை போட்டார்கள். அது கார்டு லைன். சுமார் 178 கி.மீ. கார்டு என்றால் நாண். வில்லின் வளைவைப் போல் மெயின் லைன் போக, நாணைப் போல் இது குறுக்கே போகிறது. பெயர் வைத்தவருக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது! ஆனால் கார்டு லைனும் முழு நேர்கோடு இல்லை. காக்கை பறக்கிற கோடு சுமார் 155 கி.மீ.தான். நீங்கள் எந்த ரயிலில் போனாலும் திருச்சி ஜங்ஷனில் இறங்கும்போது உங்கள் இடப்பெயர்ச்சி அதே 155. டிக்கெட்டுக்கு மட்டும் தண்டவாளத்தின் நீளத்தைப் பார்த்துத்தான் பணம் வாங்குவார்கள். ரயில்வேக்காரர்கள் இடப்பெயர்ச்சியை நம்புவதில்லை.

1977 ஆகஸ்டு 15-ஆம் தேதி வைகை எக்ஸ்பிரஸ் ஓட ஆரம்பித்தபோது, மீட்டர்கேஜ் பாதையில் சென்னைக்கும் மதுரைக்கும் இடையே சுமார் 7 மணி நேரத்தில் ஓடிற்று. அன்றைக்கு அது பெரிய பேச்சு. தண்டவாளத்தில் 500 கி.மீ.க்குச் சற்றே குறைவு. ஆகவே சராசரி வேகம் மணிக்குச் சுமார் 70 கி.மீ. சென்னைக்கும் மதுரைக்கும் நடுவே கயிற்றை இழுத்துப் பிடித்தால் சுமார் 420 கி.மீ.; ஆகவே சராசரித் திசைவேகம் மணிக்குச் சுமார் 60 கி.மீ., தென்மேற்கு முகமாக. ஒரே ரயில், ஒரே பிரயாணம், இரண்டு எண். இரண்டும் உண்மை. திசைவேகத்தின் அளவு வேகத்தைவிடக் குறைவாக இருக்கலாம், சமமாக இருக்கலாம். ஒருநாளும் அதிகமாக முடியாது. நேர்கோட்டைவிடக் குட்டையான வழி உலகத்தில் கிடையாதல்லவா?

"எல்லாம் சரி, மாமா. இந்தக் கயிற வச்சுக்கிட்டு யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்டாள் பெண்.

நல்ல கேள்வி. கடலூர் ஜில்லாக்காரர்களுக்கு இதற்கு விடை 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில் வந்தது. 'தானே' புயல்! புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு 120-லிருந்து 140 கி.மீ. வரைக்கும் வீசிற்று. பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்ததை ஜனங்கள் இன்னும் மறக்கவில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 140 கி.மீ. என்றதும், புயல் அந்த வேகத்தில் ஊரை நோக்கி ஓடி வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. காற்று புயலின் மையத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது, தேர் வீதியைச் சுற்றுகிற மாதிரி. மையமோ பல சமயம் சைக்கிள் வேகத்தில்தான் நகர்கிறது. வானிலை ஆபீஸார் என்ன செய்கிறார்கள்? ஆறு மணி நேரத்துக்கு முன் மையம் எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று குறித்து, இரண்டையும் ஒரு கோட்டால் சேர்க்கிறார்கள். அந்தக் கோடு இடப்பெயர்ச்சி. ஆறு மணியால் வகுத்தால் சராசரித் திசைவேகம். 'மேற்கு வடமேற்காக மணிக்கு இத்தனை கி.மீ. வேகத்தில் நகர்ந்தது' என்று செய்தியில் வாசிக்கிறார்களே, அது வேறொன்றுமில்லை, ஒன்பதாம் வகுப்புக் கணக்கு!

உதாரணத்துக்கு, மையம் ஆறு மணி நேரத்தில் மேற்கே 90 கி.மீ. நகர்ந்தது, கரைக்கு இன்னும் 150 கி.மீ. இருக்கிறது என்று வையுங்கள். மணிக்கு 15 கி.மீ. வீதம், இதே போக்கில் வந்தால் பத்து மணி நேரம் அவகாசம் உண்டு. மாட்டை அவிழ்த்துவிட, கூரை வீட்டுக்காரர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போக, படகைக் கரையேற்றிக் கட்ட எல்லாவற்றுக்கும் அந்தப் பத்து மணி நேரம் வேண்டும். திசை ஒரு வீசம் மாறினால் ஊரும் மாறிவிடும். ஆகையால் ஆறு மணிக்கு ஒரு தரம், மூன்று மணிக்கு ஒரு தரம் என்று கோட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சுற்றுகிற காற்றின் வேகம் கூரை பறக்குமா என்று சொல்லும். நகர்கிற மையத்தின் திசைவேகம் எந்த ஊர்க் கூரை, எத்தனை மணிக்கு என்று சொல்லும். இரண்டில் எது இல்லாவிட்டாலும் ஆபத்துதான்.

பெண் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பரம திருப்தி. பாடம் முடிந்தது என்று எழுந்திருக்கப் போனேன்.

அது வரைக்கும் திண்ணை மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த சம்பந்தியம்மாள் கேட்டார்: "தம்பி, இடப்பெயர்ச்சின்னு சொல்றீங்களே, அது நாங்க ஊரை விட்டு வந்தமே, அதுதானே?"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. நெய்வேலியில் 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் ஏற்பட்டது. 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அன்றைக்கிருந்து சுரங்கம் விரிய விரிய, அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஊர்கள் இடம் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. சென்னையில் விளக்கு எரிவதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்பதைப் பெரும்பாலும் நாம் நினைப்பதில்லை. 2023 ஜூலையில் மேல்வளையமாதேவியில், பயிர் நின்ற வயலில் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கினபோதுதான் தமிழ்நாடு முழுவதும் இதைப் பேசிற்று. சம்பந்தியம்மாள் குடும்பம் அதற்கெல்லாம் வெகு காலம் முன்பே நிலத்தைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள்.

"அதுவும்தான், அத்தை" என்றேன். வேறு என்ன சொல்வது?

பேத்தி சும்மா இருக்கவில்லை. அப்பாவின் போனை எடுத்துப் படத்தில் ஒரு கோடு போட்டாள். "எட்டு கிலோமீட்டர், ஆயா. தென்மேற்காக."

"எட்டா? இம்மாங்கிட்டவா இருக்குது?" கிழவி இடிப்பதை நிறுத்திவிட்டார். "நாங்க நேரா இங்க வரலியே. மொதல்ல புவனகிரியில எங்க அக்கா வூட்டுக்குப் போனோம். ஒரு வருஷம். அப்புறம் விருத்தாசலத்துல வாடகை வூடு, நாலு வருஷம். அதுக்கப்புறந்தான் இங்க."

பெண் மூன்று கோடுகளையும் கூட்டினாள். எண்பது கி.மீ.க்குக் குறையவில்லை. நோட்டில் எழுதினாள்: தொலைவு 80, இடப்பெயர்ச்சி 8. எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எட்டு கிலோமீட்டர்தான்னா, ஒரு நாளைக்குப் போய்ப் பாத்துட்டு வரலாமாடி? நம்ம வேம்பு நிக்குதான்னு?"

"இல்ல, ஆயா" என்றாள் பெண், மெதுவாக. "கோட்டோட இந்த முனை இங்க நம்ம வீட்ல இருக்கு. அந்த முனை இருக்கற எடத்துல இப்ப தரையே இல்ல. சுரங்கம்."

கிழவி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் உலக்கைச் சத்தம் கேட்டது.

இடப்பெயர்ச்சியை அளக்க ஒரு புறப்பட்ட இடம் வேண்டும் என்று புத்தகத்தில் முதல் பாராவிலேயே எழுதியிருக்கும். வேகமாகப் படித்துவிட்டுத் தாண்டிப் போகிற வரி அது. அன்றைக்கு அந்தத் திண்ணையில் எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

ராத்திரி பத்தேகாலுக்கு மாப்பிள்ளை வந்தார். கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்ததும் பெண் கேட்டாள்: "அப்பா, ஒரு கணக்கு. விருத்தாசலத்துக்கு மணிக்கு இருபது கிலோமீட்டர்ல போறீங்க. போக வர சேத்து சராசரி நாப்பது வரணும். திரும்பி வரப்ப என்ன வேகத்துல வரணும்?"

நேயர்களே, மேலே படிக்காமல் நீங்களும் ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

"இருபதுக்கும் அறுபதுக்கும் நடுவுல நாப்பது. அறுபது" என்றார் மாப்பிள்ளை.

"தப்பு! போகவே முக்கால் மணி ஆயிடுச்சு. முப்பது கிலோமீட்டருக்குச் சராசரி நாப்பது வரணும்னா மொத்த நேரமே முக்கால் மணிதான். அப்ப திரும்பி வரதுக்கு நேரமே இல்ல. பறந்தாலும் முடியாதுப்பா!"

மாப்பிள்ளை சோற்றில் கை வைத்தபடியே சிரித்தார். "வாஸ்தவந்தான். காலைல விட்ட டைமைச் சாயந்தரம் புடிக்க முடியாதுன்னு எங்க ஓனருக்கு எத்தினியோ தடவ சொல்லிட்டேன், மச்சான். இனிமே இவளைக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

"இன்னொண்ணு, அப்பா. இன்னிக்கு நீங்க நூத்தி எண்பது கிலோமீட்டர் ஓட்டியிருக்கீங்க. ஆனா உங்க இடப்பெயர்ச்சி பூஜ்யம்."

"அப்படின்னா?"

"காலைல கிளம்பின எடத்துக்கே திரும்பி வந்துட்டீங்கன்னு அர்த்தம்."

ரசம் ஊற்ற வந்த என் தங்கை கரண்டியோடு நின்றாள். வளைவும் லாரியும் உள்ள அந்தச் சாலையில் ஓட்டுகிற புருஷனுக்காகத் தினமும் ராத்திரி வாசலில் காத்துக்கொண்டிருக்கிறவள் அவள்.

"அண்ணா, அது தினமும் பூஜ்யமாவே இருக்கட்டும்" என்றாள்.